கால் கழுவுகிறவர் யார்?

பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயிலில் பெண்களுக்கு நிறைய வேலை இருக்கும். நாமக்கல் பக்கத்துக் கிராமம். கோடை தொடங்கி, போர்வெல்லில் தண்ணீர் இறங்கியிருக்கும். அம்மாவும் அன்பியத்துப் பெண்களும் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து கோயில் தரையைக் கழுவுவார்கள். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்குவார்கள். பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைப்பார்கள். மாலையில் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நாற்காலியில் உட்காருவார்கள். சாமியார் தொடப் போகும் கால் என்பதால் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். பங்குச்சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டி, முழந்தாளிட்டு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். கோயில் முழுக்க அமைதியாகிவிடும். சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சடங்கு முடிந்ததும் அந்த ஈரத் தரையைத் துடைப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து வயதிருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன்: "நீ ஏம்மா அங்க உட்காரல?"

"சீடருங்க பன்னெண்டு பேரும் ஆம்பளைங்கதானே கண்ணு."

"அப்ப நீ கழுவற பக்கமாச்சும் இருக்கலாமில்ல?"

அம்மா சிரித்துவிட்டார். "அதைத்தான் தினமும் பண்றனே. உங்க தாத்தாவுக்கு யாரு கழுவி விடறா?"

தாத்தா அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். காலை மட்டுமல்ல, உடம்பு முழுவதையும் அம்மாதான் கழுவினார், நான்கு வருடம். அதைப் பார்த்து யாரும் அமைதியாகவில்லை, கண்ணீர் விடவில்லை. ஒரே செயல். ஒருவர் செய்தால் தாழ்மை, இன்னொருவர் செய்தால் வீட்டுவேலை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன்.

கிறிஸ்தவத்தில் சிறந்த ஆன்மிகத் தலைவர் யார் என்று கேட்டால் ஞாயிறு மறைக்கல்விக்குப் போகும் குழந்தைகூடப் பதில் சொல்லும்: பணியாளராக இருப்பவரே தலைவர். உங்களில் பெரியவராக விரும்புகிறவர் மற்றவர்களுக்குத் தொண்டராகட்டும் என்பது இயேசுவின் போதனை. அழகான போதனைதான். ஆனால் அது யாரிடம், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். யாக்கோபும் யோவானும் ஆட்சி வரும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் தங்களுக்கு இருக்கை வேண்டும் என்று கேட்டார்கள். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வந்தது. இருக்கைக்குச் சண்டையிட்ட ஆண்களிடம்தான் அது சொல்லப்பட்டது. (மாற்கு நற்செய்தியில் இருக்கை கேட்பவர்கள் மகன்களே. மத்தேயு எழுதும்போது அவர்களுடைய தாய் வந்து கேட்பதாக மாறியிருக்கிறது. பேராசையின் பழியைக்கூட ஒரு பெண் தலையில் வைப்பது எவ்வளவு எளிது!)

மேலே இருப்பவரைப் பார்த்து இறங்கி வா என்பது விடுதலைச் செய்தி. ஏற்கெனவே கீழே உட்கார்ந்து தரை துடைத்துக்கொண்டிருப்பவளிடம் அதையே சொன்னால் அதற்கு என்ன பொருள்? இன்னும் கீழே போ என்பதா? இருக்கிற இடத்திலேயே இரு என்பதா? திருச்சபை நூற்றாண்டுகளாக இரண்டாவதைத்தான் பெண்களுக்குச் சொல்லி வந்திருக்கிறது. பணிவிடையே தலைமை என்று மேடையில் சொல்லிவிட்டு, வாழ்நாளெல்லாம் பணிவிடை செய்தவர்களைத் தலைமைக்கு அழைக்காமல் இருப்பதில் அதற்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்திலேயே வாழ்ந்த ஒரு பெண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் கோயில் வாசலில் நின்றால் மேற்குப் பக்கம் வயல், கிழக்கே கொல்லிமலை. அந்த மலையில் முதுமை வரை வாழ்ந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர் ஈவ்லின் பிராண்ட். என் சபையைச் சேர்ந்தவர் அல்ல; பாப்டிஸ்டுகளில் கண்டிப்பான ஒரு பிரிவின் மிஷனரி. மலையேறும் எல்லாரையும்போல அவரும் அடிவாரத்துச் சேந்தமங்கலம் வழியாகத்தான் வந்தார். அந்த ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சேந்தமங்கலத்துக்கு 1623இல் இன்னொரு பெயர்பெற்ற கிறிஸ்தவத் தலைவர் வந்திருக்கிறார்: இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி. அங்கே ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். பிறகு சேலத்துக்குப் போனார். தமிழும் வடமொழியும் கற்று, காவி உடுத்தி, புலால் விட்டு, சந்நியாசியாக வாழ்ந்தவர் அவர். தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் மேல்சாதியினர் தன்னைக் குருவாக ஏற்க வேண்டும் என்பதற்காக, ஒடுக்கப்பட்டவர்களோடு புழங்கிய தன் சக குருக்களிடமிருந்துகூட விலகி இருந்தார். யாரைத் தொடவில்லை என்பதே அவருடைய குருத்தன்மைக்குச் சான்றாக நின்றது. ஆன்மிகத் தலைமை என்றால் உயரம், தூரம், தூய்மை என்று நம் ஊரில் இருந்த எண்ணத்தை அவர் மாற்றவில்லை. அதற்குள் ஏறி உட்கார்ந்தார்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊர் வழியாக வந்த ஈவ்லினின் வேலை முழுவதும் தொடுவதில்தான் இருந்தது. 1879இல் லண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்; ஓவியம் பயின்றவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மிஷனரியாகச் சென்னைக்கு வந்தார். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலைக்குப் போனார். அங்கே வாழ்ந்தவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று நாம் பேருந்தில் ஏறுகிற சாலை அப்போது கிடையாது. நடந்து ஏற வேண்டும், அல்லது டோலியில் தூக்கிப் போக வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி மக்கள் அங்கே தங்க மாட்டார்கள்.

அந்த மலையில் இருந்த நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. இன்றைய மாணவிகளுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. இந்தியாவில் அது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000இல் சான்றளித்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சி வழியாக அது குடிதண்ணீரில் உடம்புக்குள் போகும். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, மூன்றடி நீளம்கூட இருக்கக்கூடிய புழுவாக, பெரும்பாலும் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்தத் தண்ணீரில் விடும். அதே தண்ணீரை ஊர் குடிக்கும். புழுவை இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, நாள்கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த வேலையைப் பிராண்ட் தம்பதியர் செய்தார்கள். படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் எடுக்கும் கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னார்கள். தண்ணீர் எடுக்கப் படியிறங்கியவர்கள் பெரும்பாலும் யார் என்று எண்ணிப் பாருங்கள். இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புண்கால் தன் குழந்தை குடிக்கிற தண்ணீரைக் கெடுக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பெரிய வியாழனன்று கோயிலில் கழுவப்படும் சுத்தமான கால்களையும் இந்தக் கால்களையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினுக்கு ஐம்பது வயது. இங்கிலாந்து சென்றவர் திரும்பி வந்தார். ஆனால் மிஷன் அவரை மலையில் விடவில்லை. சமவெளிப் பணியில் அமர்த்தியது. 1947 வாக்கில், வயது எழுபதை நெருங்கும்போது, வயதாகிவிட்டது, இனி ஊழியத்துக்கு அனுப்ப முடியாது என்று முடிவு செய்தது. கடைசியாக ஒரு வருடம் மட்டும் தாருங்கள் என்று கேட்டு வாங்கினார். அந்த வருடம் முடிந்ததும் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஓய்வு பெற்றவர் எங்கே இருக்க வேண்டும் என்று மிஷன் உத்தரவிட முடியாது அல்லவா? கொல்லிமலை ஏறிவிட்டார்.

பிறகு 1974 டிசம்பரில், 95 வயதில் இறக்கும்வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு மலைகள்தான். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று குதிரையில் போனார். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். அவருடைய மகன் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றவர். கீழே வந்துவிடுங்கள் என்று அவர் அம்மாவிடம் மன்றாடியும் பயனில்லை.

கிறிஸ்தவ மேடைகளில் இந்தக் கதை சொல்லப்படும். "தியாகத்தின் சின்னம்", "அன்பே உருவான பாட்டி" என்பார்கள். கேட்கும் பெண்களுக்கு அதில் உள்ள பாடம், நீங்களும் உங்களை மறந்து உழையுங்கள் என்பது. நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். அவருடைய வாழ்வின் திருப்புமுனை ஒரு கீழ்ப்படியாமை. போகாதே என்று அதிகாரம் சொன்ன இடத்துக்கு, அதன் சம்பளத்தையும் பட்டத்தையும் விட்டுவிட்டுப் போனார். தியாகம் என்ற ஒரே சொல்லில் இதை அடைத்துவிட்டால் அந்த முடிவு காணாமல் போய்விடும். தன் உடம்பு, தன் வேலை, தன் முதுமை, இவற்றை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் செய்த பணிவிடையைத் தலைமையாக்கியது அதுதான்.

அம்மா தாத்தாவைக் கழுவியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது. அம்மாவின் அன்பு குறைவானதல்ல. ஆனால் முடியாது என்று சொல்லும் வழி அவருக்கு இல்லை. மறுக்க முடியாத இடத்தில் நிற்பவளின் உழைப்பை நாம் அன்பு என்கிறோம், கடமை என்கிறோம், ஒருபோதும் தலைமை என்பதில்லை. மறுக்க முடிந்தும் குனிகிறவரைக் கண்டால் மட்டும் கண் கலங்குகிறோம். பங்குச்சாமியார் குனியும்போது நம் மனதைத் தொடுவது, அவர் குனியாமலும் இருந்திருக்கலாம் என்பது.

ஈவ்லினைப் பீடத்தில் ஏற்றுவது என் நோக்கமல்ல. கேட்க வேண்டிய கேள்விகள் அவரைப் பற்றியும் உண்டு.

முதலாவது, பிள்ளைகள். 1923இல் விடுமுறைக்கு இங்கிலாந்து போனபோது ஒன்பது வயது மகனையும் அவனைவிடச் சிறிய மகளையும் படிப்புக்காக உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தம்பதியர் மலைக்குத் திரும்பினார்கள். மகன் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. அக்கால மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம் என்றாலும் அந்தக் குழந்தைகளின் வலி வழக்கமாகிவிடாது. அதே நேரம் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையைக் கேட்டதும் "பெற்ற தாய் எப்படி விட்டுப் போனாள்?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஜெஸ்ஸியும்தானே விட்டுப் போனார்? ஆன்மிகத் தேடலுக்காக வீட்டை விட்ட ஆண்களை நம் மரபு முழுவதும் மகான் என்கிறது. புத்தர் விட்டுப் போன குழந்தையைப் பற்றி நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லாரிடமும் கேட்போம் என்கிறேன்.

இரண்டாவது இன்னும் கடினமானது. அவர் வெள்ளைக்காரர், ஆண்ட இனத்தின் மதத்தோடு வந்தவர். பல ஆண்டுகள் மலையில் யாரும் மதம் மாறவில்லை. 1918ஐ ஒட்டி உலகை உலுக்கிய விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியபோது, அவர்களை எதிர்த்துவந்த பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தார்கள். நோய்க்குப் பயந்து யாரும் நெருங்காத அந்த வீட்டுக்குப் பிராண்ட் தம்பதியர் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். சாகும் நேரத்தில் பூசாரி தன் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதன் பிறகுதான் மலையில் சபை உருவாயிற்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

அது உண்மையான இரக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் நான் படித்த இடங்களிலெல்லாம் அது ஒரு பூசாரிக்கும் மிஷனரிகளுக்கும் இடையே நடந்த கதை. குழந்தையைப் பெற்றவளின் பெயர் வருவதில்லை. அவள் என்ன விரும்பினாள் என்பதும் வருவதில்லை. புதுப் பெயர் சூட்டப்பட்ட குழந்தையின் பழைய பெயரும் இல்லை. தன்னைத் தானே தீர்மானித்த ஒரு பெண்ணின் வரலாற்றுக்குள், தீர்மானிக்க வாய்ப்பே கிடைக்காத இன்னொரு பெண் பேச்சின்றிக் கிடக்கிறாள். ஒரு தலைவரை அளப்பதற்கு இதுவும் அளவுகோல்: அவர் பெற்ற சுதந்திரம் அவரைச் சுற்றியிருந்த பெண்களுக்கு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது?

பெயரில்லாமல் போனவர்கள் அவர்கள் மட்டுமல்ல. தமிழகம் முழுவதும் மிஷன்கள் "பைபிள் உமன்" என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்களைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்திருந்தன. பலர் விதவைகள், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்கள். ஆண் போதகர் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய்ப் பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், பிரசவத்துக்கு உடனிருந்தார்கள், ஜெபித்தார்கள். ஆன்மிக வழிகாட்டல் என்றால் வேறென்ன? ஆனால் ஞாயிறு பிரசங்கம் போதகருடையது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வாழ்க்கை வரலாற்று நூல் கிடைத்தது. இவர்களில் பலருக்கு அறிக்கையில் ஒரு எண்ணிக்கையாக இருக்கத்தான் வாய்த்தது.

இன்று நிலைமை எப்படி? 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருக்களாக்கியது; 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். அதன் வரலாற்றில் முதல் பெண் பேராயர். என் கத்தோலிக்கத் திருச்சபையில் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. 1930இல் தொடங்கிய சேலம் மறைமாவட்டத்தில் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மருந்தகங்களிலும் கன்னியாஸ்திரிகளின் உழைப்பு இருக்கிறது. பலிபீடத்தில் அவர்கள் பூ அடுக்கலாம், வாசகம் படிக்கலாம், திருப்பலி நிறைவேற்ற முடியாது. கால் கழுவும் சடங்கில் உட்காருபவர்கள் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்ற விதியை 2016 ஜனவரியில்தான் ரோம் மாற்றியது. அதற்கு முன்பே, 2013இல், போப் பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறார் சிறையில் பெண்களின் கால்களையும் கழுவியிருந்தார். விதி மாறி இத்தனை வருடம் ஆகியும் நாற்காலிகள் தானாக மாறவில்லை.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் காலைக் கழுவுகிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தைப் பலர் சேர்த்துப் படிப்பதில்லை. சில நாள்களுக்கு முன்பு, பெத்தானியாவில், மரியா என்ற பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் கால்களில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வீண்செலவு என்று ஓர் ஆண் கடிந்துகொள்கிறான். அவளை விடு என்கிறார் இயேசு. தன் சீடர்களுக்கு அவர் விட்டுச் சென்ற தலைமைப் பாடத்தை, அதற்குச் சில நாள்களுக்கு முன்பே ஒரு பெண் அவருக்கே செய்து காட்டிவிட்டாள் என்று நான் படிக்கிறேன். அவருடைய செயல் ஆண்டுதோறும் சடங்காகிறது. அவளுடையது பக்திக் கதையாக நின்றுவிட்டது.

மரியா தன் தைலத்தைத் தானே தீர்மானித்து ஊற்றினாள். ஈவ்லின் தன் முதுமையைத் தானே தீர்மானித்து மலைக்குக் கொண்டுபோனார். சிறந்த ஆன்மிகத் தலைவர் யார் என்று இன்று என்னிடம் கேட்டால், குனிகிறவர் என்பதோடு நிறுத்த மாட்டேன். எழுந்து நிற்கவும் முடிந்தவர், அப்படியும் புண்ணுள்ள காலைத் தேடிப் போய்க் குனிகிறவர், தன்னைப்போல எழுந்து நிற்க அடுத்தவளுக்கும் இடம் விடுகிறவர் என்று சொல்வேன். இந்த மூன்றில் கடைசியில்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள். ஈவ்லினும் முழுதாக வென்றார் என்று சொல்ல மாட்டேன்.

போன பெரிய வியாழனுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போதைய பங்குச்சாமியார் இளைஞர். ஐந்து பெண்களை நாற்காலியில் உட்கார வைத்தார். அவர்களில் அம்மாவும் ஒருவர். வெடிப்பு விழுந்த தன் குதிகாலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"கூச்சமா இருந்துச்சு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி சூடா இருந்துச்சு கண்ணு. யாரோ சுட வெச்சுக் கொண்டாந்திருக்காங்க. யாருன்னு கேக்க மறந்துட்டேன்," என்றார்.

மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அது யார் என்று விசாரித்துக்கொண்டு கோயில் பக்கம் போனார்.